மடி யாருக்கும் சொந்தமில்லை

பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் இறங்கிப் போய்விடுகிறார். படம் பிடிக்காதவர் இடைவேளையில் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். உலகத்தில் பெரும்பாலானவர்கள் ஓர் இடம் பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். ஆனால், அன்புள்ள வாசகரே, கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு இங்கே கலெக்டர் ஆபீஸ் வந்ததைப் போலவே புதிய மனித இனம் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த இனத்தார் போக மாட்டார்கள். போகிறேன் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டு, சொன்னதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்பார்கள். இவர்களுக்கு நான் விடைபெறுநர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

விடைபெறுநரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் உங்கள் பாட்டுக்கு செல்போனில் யாரோ ஒரு அம்மாள் நண்டுக் குழம்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தோளுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்கும். "இன்னும் இதுலதான் இருக்கீங்களா?" என்பார், நீங்கள் ஏதோ ஒழுகுகிற கூரைக்குக் கீழே குழந்தை குட்டிகளோடு படுத்திருப்பதைப் போல. பிறகு உட்கார்ந்துகொள்வார். அந்தப் பெரிய ஆப்புகளெல்லாம் கடலுக்கு அப்பால் இருக்கிற நாலைந்து பணக்காரர்களுடையவை, அங்கே நாம் பேசுவதெல்லாம் அவர்களுக்குச் சரக்கு, நாம் எதைப் பார்க்க வேண்டும் யாரோடு சண்டை போட வேண்டும் என்பதைக்கூட அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள், அதற்குப் பதில் ஊருக்கு ஊர் நாமே சின்னதாக ஒன்று வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டு, நாமே விதி எழுதி நாமே நடத்தினால் என்ன என்று கேட்பார். அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் சங்கடம். தப்பாகப் பேசுகிறவரிடம் சண்டை போட்டுத் தப்பித்துவிடலாம். சரியாகப் பேசுகிறவரிடமிருந்து எப்படித் தப்பிப்பது? நண்டுக் குழம்பு அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

இந்த இனத்தில் சாதாரண ரகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். முதல் ரகம் சங்கராபுரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் எங்கள் வீட்டு மாடி அறையில். என் தம்பி தமிழழகன். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த போனைக்கூடப் பேச வைத்துவிடுவான். நான் பத்தாவதோடு நின்று தையல் கடை வைத்தேன். அவன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்பெல்லாம் நான் தைத்தது. ஒரு தையல் பிரிந்ததில்லை. அப்படிப்பட்டவன் எதைச் செய்தாலும் முழுதாகச் செய்வான் அல்லவா?

அவன் அந்த நீல நிற ஆப்பிலிருந்து விடைபெற்ற கடிதம் பதினொரு பத்தி. "கனத்த இதயத்துடன்" என்று ஆரம்பித்தது. இரண்டாவது பத்தியில் அங்கே அவன் முதன்முதலாகப் போட்ட படம் (எங்கள் எருமைக் கன்று) பற்றிய நினைவு. ஐந்தாவது பத்தியில் மனித குலம். ஒன்பதாவது பத்தியில் "இனி என்னை இங்கே தேடாதீர்கள்." காலை ஏழு மணிக்குப் போட்டான். பத்து மணிக்குக் கடைக்குப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, போறேன்னு சொன்ன இல்ல?"

"போய்க்கினேதாங்க்கா இருக்கேன். நாப்பத்திரண்டு பேரு பாத்துட்டாங்க. பெரியப்பா அழுவுற பொம்ம போட்டிருக்காரு." விரலால் திரையை மறுபடி தள்ளிப் பார்த்தான். "ஒருத்தன்கூடப் போவாதன்னு சொல்லலக்கா."

நாலாம் நாள், முதல் கடிதத்தைப் பார்க்காதவர்களின் நன்மைக்காக இரண்டாவது கடிதம் போட்டான்.

அதன் பிறகுதான் 'ஊர்க்கிணறு' பிறந்தது. அதுதான் அவன் ஆரம்பித்த வலைக்கு வைத்த பெயர். மாடி அறைப் பரணில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஏற்றி வைத்தான். அதற்கு மின்சாரம் சீராக வர வேண்டுமாம். ஆகவே என் பிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி மேலே கொண்டுபோனான்.

"இது யாருக்கும் சொந்தம் இல்லக்கா. எல்லாருக்கும் பொது."

"அப்ப பிரிட்ஜு?"

"அதப் பத்தி ஓட்டு எடுத்துடலாம்."

ஊர்க்கிணற்றில் அப்போது மூன்று உறுப்பினர்கள். நிர்வாகி தமிழழகன், சாதாரண உறுப்பினர் தமிழழகன், சோதனைக்காகச் சேர்த்த தமிழழகன். என் பிரிட்ஜ் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. தனக்கு எதிராகத் தானே ஒரு ஓட்டுப் போட்டுக்கொண்ட நேர்மையை நீங்கள் கவனிக்க வேண்டும்.

எல்லாம் ஒரே பரணில் குவிந்திருப்பது ஆபத்து என்று இரண்டாவது பெட்டி ஒன்றைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுபோனான். அங்கே கரியன் என்று ஒருவர், சாமையும் மரவள்ளியும் போடுகிறவர், இவன் கடைக்குப் போன் பழுது பார்க்க வந்து சிநேகிதமானவர். "வெச்சிட்டுப் போப்பா, இடமா இல்ல" என்றார். சூரியத் தகடு மாட்டி, பெட்டியை அவர் வீட்டு மூலையில் வைத்துவிட்டு வந்தான். பெட்டி இதமாகச் சூடாக இருந்தது. மலையில் குளிர். கரியன் வீட்டுக் கோழி அதன்மேல் ஏறி உட்காரப் பழகிவிட்டது. காற்றுப் போகிற துவாரத்தைக் கோழி மறைத்ததும் பெட்டி கொதித்து நின்றுபோகும். கோழி இரைக்கு இறங்கினால் மறுபடி உயிர் வரும். இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கிற மாதிரி இவன் அமைத்திருந்ததால், மேலே கோழி உட்கார்ந்தால் கீழே சங்கராபுரத்திலும் எல்லாம் நின்றுவிடும். கோழியை விரட்டலாமே என்று நான் கேட்டேன். கோழியும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தது, அதன் கருத்தைக் கேட்காமல் எதுவும் செய்வதற்கில்லை என்றான்.

பிறகு விதிகள். நாற்பத்தேழு. அவன் சொல்லச் சொல்ல நான்தான் நோட்டில் எழுதினேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பக்கத்தின் அடியில் இரண்டு வரி மிச்சம் விழுந்தால் வெறுமையாக விட எனக்கு மனம் வராது. துணியில் முழம் மிச்சமானால் பை தைத்துவிடுகிறவள் நான். அந்த மாதிரி இடங்களில் நானே பொருத்தமாக ஏதாவது சேர்த்து எழுதிவிட்டேன். அவன் படித்துப் பார்க்கவில்லை. விதி எழுதுகிறவர்கள் என்றைக்கு விதியைப் படித்தார்கள்?

உறுப்பினர் சேர்க்கை எங்கள் சொந்தக்காரர்களிடம் ஆரம்பமானது. ரிஷிவந்தியத்தில் இருக்கிற தெய்வசிகாமணி பெரியப்பாவை முதலில் பிடித்தான்.

"பெரிப்பா, மொதல்ல நீங்க எந்தக் கிணத்துல சேரணும்னு முடிவு பண்ணுங்க. தேன்கூடுன்னு ஒண்ணு கோயமுத்தூருல இருக்குது, வேப்பமரம்னு ஒண்ணு பாண்டிச்சேரில இருக்குது. எதுல இருந்தாலும் எல்லாரோடயும் பேசிக்கலாம்."

"எதுல இருந்தாலும் எல்லாரோடயும் பேசலாம்னா, இப்ப இருக்கறதுலயே இருந்துக்கினு பேசறனே."

"அது பணக்காரன் கிணறு, பெரிப்பா."

"தண்ணி வருது இல்ல?"

ஆனாலும் சேர்ந்தார். சேர்ந்த அன்றே பழக்கதோஷத்தில் ரோஜாப் பூவும் காபிக் கோப்பையும் வைத்து 'இனிய காலை வணக்கம்' படம் போட்டார். விதி எட்டின்படி அது கூடாது. பெரியப்பாவை நீக்க இவனுக்கு மனம் வரவில்லை. சாதாரண உறுப்பினர் தமிழழகன், நிர்வாகி தமிழழகன்மேல் பாரபட்சப் புகார் கொடுத்தார். விசாரணை நாலு நாள் நடந்தது. அதன் முடிவில் திருத்தி எழுதியதுதான் விதி பத்தொன்பது: தனக்கு உறவானவர் சம்பந்தப்பட்ட எந்தக் காரியத்திலும் நிர்வாகி கை வைக்கக் கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கும்போது என் மகள் கவியாவின் காதுகுத்து வந்தது. அவளுக்கு மூன்று வயது. அடுத்த மாதம் நாலு பிறந்துவிடும். எங்கள் வீட்டில் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவோம். விட்டால் ஐந்து வயது வரைக்கும் அவள் மொட்டைக் காதோடு இருக்க வேண்டியதுதான். மலை அடிவாரத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். பங்குனியில் நாள் குறித்தாயிற்று. காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். தாய்மாமன் ஒருவன்தான். யாரென்று உங்களுக்கே தெரியும்.

நம் பக்கத்தில் அழைப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலை பாக்கோடு வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற தண்ணீரைக் குடித்து, "குடும்பத்தோட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். போனில் சொன்னால் அழைக்கவில்லை என்று அர்த்தம். என்னிடம் நோட்டு இருக்கிறது: இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, ஊர்வாரியாக, எந்தெந்த வீட்டார் ஒரே நேரத்தில் போனால் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள் என்ற குறிப்போடு. ஆனால் அந்த மாதம் கல்யாண சீசன். அறுபத்து மூன்று ரவிக்கை என் மிஷின் மேல் குவிந்திருந்தது.

"வூடு வூடா அலையணுமாக்கா? நோட்டக் குடு. ஊர்க்கிணத்துல போட்டா ஒரே நொடில எல்லாருக்கும் போயிடும்."

"நம்ப ஆளுங்க பதினோரு பேருதானடா அதுல இருக்காங்க?"

"அதான் இணைப்புன்றது. ஒரு கிணத்துல போட்டா எல்லாக் கிணத்துலயும் தெரியும்."

நான் நோட்டைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். உங்கள் தம்பி உங்கள் முன்னால் நின்று, கண்கள் பளபளக்க, உலகத்தையே இணைத்துவிட்டேன் என்று சொன்னால் நீங்களும் கொடுப்பீர்கள். அவன் போட்ட அழைப்பு அழகாகத்தான் இருந்தது. கடைசி வரி: "இது திறந்த நிகழ்வு. அனைவரும் வருக."

அந்த நாளில் நானூறு பேருக்குச் சமையல். எட்டு மணிக்கே கிடாய் வெந்துகொண்டிருந்தது. கவியா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, கையில் பலூனோடு, பந்தலுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு நாற்காலிகளை எண்ணினேன். முந்நூறு நாற்காலியில் ஒன்றில் ஆள் இருந்தது. அது எங்கள் அத்தை செவ்வந்தி. எங்கள் தெருவிலேயே இருப்பதால் அவளை யாரும் அழைக்க வேண்டியதில்லை. இன்னொருவர் மலையிலிருந்து இறங்கி வந்த கரியன். பெட்டியைப் பார்க்கப் போனபோது தம்பி நேரிலேயே சொல்லியிருந்தான். அவர் நாற்காலி வேண்டாம் என்று சமையல்காரருக்கு வெங்காயம் உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, ஊரு மொத்தமும் காலியாயிடுச்சா?" என்றாள் அத்தை. "ஒரு தலயும் காணோம்."

தம்பி திருப்பித் தந்த அழைப்பு நோட்டைப் புரட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் இந்நேரம் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வாசல் மிதிக்கவில்லை, வெற்றிலை வைக்கவில்லை, பெரிய இடமாகிவிட்டார்கள். அப்போதுதான் ஷேர் ஆட்டோக்கள் வந்தன. ஒன்றல்ல, ஐந்து. இறங்கினார்கள், முப்பத்தேழு பேர். ஒரு முகமும் தெரியவில்லை. எல்லோர் தோளிலும் துணிப்பை. அத்தை எழுந்து போய்ப் பந்தல் வாசலில் நின்று முதலில் வந்த தாடிக்காரரை மறித்தாள்.

"வாங்க. நீங்க யாரு வூட்டு சைடு?"

"நான் தேன்கூடுங்கம்மா."

"அது எங்க, சின்னசேலம் பக்கமா?"

"ஊரெல்லாம் ஒரு கணக்கில்லீங்கம்மா. சர்வர்தான். இவங்க வேப்பமரம்." பக்கத்தில் கண்ணாடி போட்ட அம்மாள் கும்பிட்டார்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். "மரம், கூடுன்னு சொல்றாங்கடி. பொண்ணு எடுத்த வகையா, குடுத்த வகையா?"

தமிழழகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தான். இத்தனை நாளும் எழுத்தில் மட்டும் பார்த்த ஆட்கள். கோயமுத்தூர், பாண்டிச்சேரி, நாகர்கோவில். அத்தனை பேரும் விடைபெறுநர்கள். ஒவ்வொருவரும் பத்துப் பத்திக்குக் குறையாமல் கடிதம் எழுதிவிட்டு வந்தவர்கள். சொந்தக்காரர்கள் வராத என் பந்தலில், நானூறு பேர் சாப்பாட்டுக்கு முன்னால், இந்த இனம் முழுவதும் ஒரே இடத்தில் கூடியிருந்தது. வேறு யாருக்காவது இந்தக் கொடுப்பினை உண்டா?

ஒன்பது நாற்பதுக்குக் காது குத்தும் பொன்னுரங்கம் பத்தர் ஊசியோடு உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு அவருக்குக் கள்ளக்குறிச்சியில் இன்னொரு காதுகுத்து. "மாமன வரச் சொல்லுங்க" என்றார். தம்பி வேட்டியை மடித்துக்கொண்டு மணையில் உட்காரப் போனான்.

"ஒரு நிமிஷம்," என்றார் தேன்கூடு. "குழந்தையோட சம்மதம் வாங்கியாச்சுங்களா?"

 பத்தர் ஊசியைக் கீழே வைத்தார்.

கவியாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேப்பமரம் அம்மாள் குனிந்து, மிக மரியாதையாக, இரண்டு பக்கத்து வாதத்தையும் எடுத்துச் சொன்னார். கவியா கேட்டுக்கொண்டாள். "ஜிமிக்கி குடுத்தா சம்மதம்" என்றாள். எல்லோரும் கைகளை மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அதுதான் அவர்கள் ஆமோதிக்கிற விதமாம்.

"இன்னாடி இது," என்று அத்தை என் காதில் சொன்னாள், "ஒரே நேரத்துல எல்லாருக்கும் கை உதறுது?"

ஒன்பது ஐம்பத்தைந்து. தம்பி மறுபடி உட்காரப் போனான். இந்த முறை வேப்பமரம் அம்மாள்.

"நீங்கதானே ஊர்க்கிணறு நிர்வாகி? இது ஊர்க்கிணறு அறிவிச்ச நிகழ்ச்சி. குழந்தை உங்களுக்கு உறவு. உங்க விதி பத்தொன்பதுப்படி உறவுக்காரங்க காரியத்துல நீங்க கை வைக்கக் கூடாது இல்லையா?"

தமிழழகன் பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றான். அவன் முகத்தை நான் பார்த்தேன். கோபம் இல்லை. மதிப்பு இருந்தது. தன் விதியை ஒருவர் படித்திருக்கிறாரே என்ற மதிப்பு.

"ஆமாங்க்கா," என்றான் என்னைப் பார்த்து. "அவங்க சொல்றது கரெக்ட்டு."

"டேய், நீ மாமன்டா!"

"அதாங்க்கா பிரச்சினையே."

அப்படியானால் யார் மடி? விவாதம் ஆரம்பமானது. தேன்கூடு எழுந்தார். மடி என்ற அதிகாரம் தலைமுறை தலைமுறையாக ஒரே ஆளிடம் குவிந்திருப்பதே தவறு என்றார். மடி யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது என்றார். நாகர்கோவில்காரர் ஒருவர் சுழற்சி முறை சொன்னார்: முப்பத்தேழு பேரும் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு அரை நிமிஷம் மடி கொடுப்பது, குழந்தையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்துவது, எந்த மடியில் இருக்கும்போது ஊசி இறங்குகிறதோ அது தற்செயல். விரல்கள் ஆடின. ஓடுகிற குழந்தைக்குக் குத்தி எனக்குப் பழக்கமில்லை என்றார் பத்தர். என் வீட்டுக்காரர் சோற்றுக் கரண்டியோடு வந்து நின்று, யாரை அடிப்பது என்று தெரியாமல் திரும்பிப் போனார். பத்து ஐந்து.

வெங்காயம் உரித்து முடித்த கரியன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மாமனா இருந்தா நிர்வாகியா இருக்கக் கூடாது, அவ்ளோதானே? நிர்வாகிய விட்டுட்டு மாமனா இரேன்."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"விலகலாம்," என்றார் வேப்பமரம் அம்மாள். "ஆனா விலகறதுக்கும் முறை இருக்கும். விதியைப் பாக்கணும்." போனை எடுத்தார். ஊர்க்கிணறு திறக்கவில்லை. எல்லோரும் போனை எடுத்தார்கள். முப்பத்தேழு போனிலும் அதே சக்கரம் சுற்றியது.

"அது வராதுங்க," என்றார் கரியன். "கோழி அடைல உக்காந்துகினு இருக்குது. இன்னும் ஒம்போது நாளு ஆவும்."

அப்போது உலகத்தில் அந்த விதிகளின் பிரதி ஒன்றே ஒன்று இருந்தது. அது என் கைப்பையில், அழைப்பு நோட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் உறை போட்டு இருந்தது. எடுத்தேன். பக்கம் பதினேழு. விதி நாற்பத்தொன்று: விலகுகிறவர் காரணத்தைக் கடிதமாக எழுதி, சபையில் கடைசி வரை படித்துவிட்டுத்தான் விலக வேண்டும்.

தம்பியின் முகம் மலர்ந்தது.  அவனுடைய கடிதம் என்ன நீளம் என்று எனக்குத் தெரியும். கவியா பிறந்தபோது அவளை முதன்முதலில் கையில் வாங்கி, ஒரு மணி நேரம் கீழே வைக்காமல் நின்றவன் அவன். அவன் மடி இல்லாமல் அவளுக்குக் காது குத்துவதில்லை. அவன் கடிதம் முடியும்போது நல்ல நேரம் இருக்கப்போவதுமில்லை. பத்து எட்டு.

பக்கத்தின் அடியைப் பார்த்தேன். இரண்டு வரி. என் கையெழுத்து. அன்றைக்கு இடம் வீணாகிறதே என்று நானே சேர்த்தது. சபைக்கு உரக்கப் படித்தேன்:

"கடிதத்தின் முதல் வார்த்தையைப் படித்ததுமே அவர் விலகத் தொடங்கிவிட்டதாகக் கருதப்படும். உட்கார்ந்தும் படிக்கலாம்."

வேப்பமரம் அம்மாள் நோட்டை வாங்கிப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். விரல்களை ஆட்டினார். முப்பத்தேழு பேரும் ஆட்டினார்கள். அத்தையும் ஆட்டினாள், அது ஏதோ வேண்டுதல் என்று அவள் இதற்குள் முடிவு செய்திருந்தாள்.

தமிழழகன் மணையில் உட்கார்ந்தான். கவியாவை மடியில் வைத்தேன். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். காகிதம் இல்லை, அவனுக்கு எதற்குக் காகிதம்?

"கனத்த இதயத்துடன்..."

"குத்துங்க பத்தரே!" என்றேன்.

கவியா தன் மாமனின் வாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பத்தியில் எருமைக் கன்று வந்தது. எருமைக் கன்று என்ன ஆனது என்று கேட்கிற கவனத்தில் வலது காதில் ஊசி இறங்கியதே அவளுக்குத் தெரியவில்லை. மனித குலம் வரும்போது அவள் கண் சொக்கியது. இடது காது பத்து பதின்மூன்றுக்கு. முப்பது வருஷமாகக் குத்துகிறேன், அழாத குழந்தையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, இந்த ஆளை அடுத்த வேலைக்கும் கூட அனுப்ப முடியுமா என்று பத்தர் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

தமிழழகன் கண்ணை மூடிக்கொண்டு படித்துக்கொண்டே இருந்தான். ஆறாவது பத்தியில் பந்தி போட்டோம். ஒன்பதாவது பத்தியில் தேன்கூடு இரண்டாம் முறை குழம்பு வாங்கினார். பதினொன்றாவது பத்தி முடிந்து அவன் கண்ணைத் திறந்தபோது எதிரே காலி நாற்காலிகள். மடியில் இரண்டு காதிலும் பொன் வளையத்தோடு கவியா வாயில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதம்தான் அவன் எழுதியதிலேயே, அல்ல, எழுதாததிலேயே சிறந்தது. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை.

மறுநாள் முதல் நான் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போனேன், இந்த முறை மன்னிப்புக் கேட்க. முதலில் ரிஷிவந்தியம். பெரியப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார்.

"கோயமுத்தூருல இருந்தெல்லாம் ஆளு வந்து கறி துன்னுட்டுப் போனாங்களாமே?"

"தப்பு நடந்து போச்சு பெரிப்பா."

"நான் அந்தக் கிணத்துல இருக்கறவன்தான். எனக்கு ஏன் வர்ல?"

"நீங்க காலை வணக்கம் போட்டீங்கன்னு அந்த நாலு நாள் விசாரணைல ஒரு மாசம் ஓரங்கட்டி வெச்சிருக்காங்க பெரிப்பா."

 கதவைத் திறந்தார். "செரி, உள்ள வா. அந்த மாசம் எப்ப முடியுது?"

எல்லா வீட்டிலும் இதே கதைதான். வராதவர்களுக்கு, வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த விசேஷத்தில் விட்டுப்போய்விடக் கூடாது. ஊர்க்கிணற்றில் இப்போது நூற்று அறுபத்தெட்டுப் பேர். மலையில் பதினொரு குஞ்சு பொரித்தது. பெட்டியும் கோழி இறங்கிய பிறகு ஒழுங்காக ஓடுகிறது. நிர்வாகி நான். விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை, நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் நிர்வாகி என்று பக்கம் இருபதின் அடியில் இருக்கிறது. பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் திரும்பிவிட்டது. ஓட்டு எடுக்கவில்லை.

தமிழழகன்? விலகியவன் தொண்ணூறு நாள் கழித்துத்தான் மறுபடி சேர முடியும். அவன் எழுதிய விதி. அதுவரை பொழுது போக அந்த நீல ஆப்புக்குள் போயிருக்கிறான். இரண்டொரு நாளில் அங்கிருந்து விடைபெறப் போவதாகக் கேள்வி.

வாசகரே, நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். சிரிக்கலாம், நல்லதுதான். ஆனால் ஒரே ஒரு கேள்வி. இதை யாருக்காவது அனுப்பலாம் என்று நினைத்தீர்கள் அல்லவா? எதில் அனுப்புவது என்று ஒரு நொடி விரல் நின்றது அல்லவா? இன்னுமா நாம் இதில் இருக்கிறோம் என்று ஒரு சின்னப் பெருமூச்சு வந்தது அல்லவா? வரவில்லை என்று சொல்லாதீர்கள். பக்கம் பதினேழு, கடைசி இரண்டு வரி: நீங்கள் தொடங்கிவிட்டீர்கள்.

பரவாயில்லை. உட்கார்ந்தும் படிக்கலாம். காது குத்தாத குழந்தை பக்கத்தில் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள். பத்தரை நான் அழைத்து வருகிறேன்.